ஜிப் மூடியிருந்தால் ஆள் இல்லை

...சமையலறைப் பக்கத்து மூலைதான், வேறெது, மழை வரப்போகிற நாளில் முதலில் தொங்குவது அதுதான், துணி நனையக்கூட வேண்டாம், காற்றில் ஈரம் ஏறினாலே போதும், வயிறு தள்ளிவிடும். கண்ணைத் திறக்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகத்துக்கு மேலே ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டிய கூடாரத் துணி ஒரு சாண் கிட்டே வந்திருந்தது, மூச்சு விட்டால் லேசாக எழும்பி மறுபடி உட்கார்ந்தது, யாரோ மேலே படுத்துக்கொண்டு அவனோடு சேர்ந்து மூச்சு விடுகிற மாதிரி. வெளியே போய் ஃபிரிட்ஜ் காலில் கட்டியிருக்கும் கயிற்றை ஒரு இழு இழுத்தால் சரியாகிவிடும், ஒரு நிமிஷ வேலை, ஆனால் அதற்கு ஜிப்பைத் திறக்க வேண்டும், ஜிப்பைத் திறந்தால் வீட்டுக்கு வந்துவிட்டதாக ஆகிவிடும்... இன்றைக்கு எதற்கு வீட்டுக்கு வருவது? லீவு. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு மெக்கானிக்குக்காக லிஃப்ட் வேலைக்குப் போனதற்குப் பதிலாகக் கிடைத்த லீவு, யாருக்கும் சொல்லாத லீவு. வீட்டில் கூட இருக்கிற இரண்டு பேரில் மாஸ்டர் ஹோட்டல் அடுப்படியில் வெந்துகொண்டிருப்பார், டிரைவர் ஹாரன் பள்ளிக்கூட வேனில், ஹால் முழுக்க அவனுக்கு, அந்த ஹாலுக்குள் இந்தக் கூடாரம், கூடாரத்துக்குள் அவன், முந்திரிக்கொட்டை மாதிரி இல்லாமல் நன்றாக உள்ளே இருக்கிற கொட்டை. நடுப்பகலில் இப்படி மல்லாந்து படுத்திருக்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

மலையேறுகிறவர்களுக்காகச் செய்த கூடாரம் இது. மொத்தமும் சுருட்டினால் தண்ணீர் பாட்டிலை விட லேசு, உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது, பல்லி வந்து உட்கார்ந்தால் தெரிகிற அளவுக்குக்கூடத் தெரியாது. மேல்மாடி ஒன்றில் லிஃப்ட் கதவு சரிபார்க்கப் போனபோது வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருத்தர் இதை நீட்டினார், எடுத்துக்குங்க, ரெண்டு தடவைதான் போனேன், முட்டி போயிடுச்சு என்றார், அவன் அதைக் குடை என்று நினைத்து வாங்கிக்கொண்டான். அந்த ஆள்தான் சொன்னார், எடையைக் குறைப்பதற்காகப் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் உண்டாம். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் குச்சி இல்லை, அவர் ஊன்றி நடக்கிற கம்புகளே இதற்குக் குச்சி, அதை அவர் தரவில்லை. தராவிட்டால் போகட்டும், லிஃப்ட் குழிக்குள் வயர் ஓடுகிற குழாயில் இரண்டு துண்டு வெட்டி முனைக்கு ரப்பர் மூடி போட்டான், அந்தக் கம்புகளை விட இது நூறு மடங்கு உறுதி. ஆணி அடிக்கத் தரை இல்லை, டைல்ஸ். ஒரு கயிறு ஜன்னல் கம்பியில், ஒன்று ஃபிரிட்ஜ் காலில், ஒன்று செருப்பு ஸ்டாண்டில், நாலாவது ஒரு பெரிய தண்ணீர் கேனில், அந்தக் கயிற்றில் மட்டும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது, மாஸ்டர் ஒருமுறை அதில் தடுக்கி, சாம்பாரோடு... இல்லை, அன்றைக்குச் சாம்பார் இல்லை, வெந்நீர், நல்லவேளை காலில் படவில்லை. நிற்காது, ஒரு மாசத்தில் கிழிந்துவிடும், இது பொம்பளைப் பிள்ளைகள் தாவணி மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறு வருஷம் ஆகிறது. நிற்கிறது. எந்த மலையிலும் எந்தக் கூடாரமும் இத்தனை நாள் விடாமல் நின்றிருக்காது, அதை அந்த முட்டி போன மனுஷரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறான்.

கற்றுக்கொண்டான், எல்லாம் கற்றுக்கொண்டான். முதல் வருஷம் ஹாரனின் சிகரெட் பொறி பறந்து வந்து ஒரு ஓட்டை. சைக்கிள் பங்சர் சொல்யூஷன் தடவினான், காய்ந்து பொருக்கு மாதிரி உரிந்து வந்தது. டேப் ஒட்டினான், காலையில் தலையணையில் கிடந்தது. எதை ஒட்டினாலும் எனக்கு வேண்டாம் என்று கழற்றிப் போட்டது துணி, பிறகு யோசித்து யோசித்து, குளியலறைத் தொட்டி ஓரத்தில் பூசுகிற சிலிக்கானை விரலில் தொட்டு வைத்தான், பிடித்தது பார், இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறது. துணிமேல் பூசியிருப்பதே சிலிக்கான்தானாம், தன் இனத்தைத் தவிர வேறு எதையும் சேர்க்காத துணி. மடிக்கக் கூடாது, மடித்தால் அதே மடிப்பில் வெடிக்கும், பையில் அள்ளித் திணிக்க வேண்டும், எவ்வளவு மரியாதைக் குறைவாகத் திணிக்கிறோமோ அவ்வளவு நாள் உழைக்கும். மேலே இருக்கிற இரண்டு காற்று வாயையும் மூடக் கூடாது, மூடினால் விடியும்போது நம் மூச்சே தண்ணீராகி நம் மேலேயே சொட்டும். ஜிப் போன வருஷத்திலிருந்து ஒரு கை வேலைக்கு ஒத்துவராது, ஓட்டி முன்னால் போகும், பல் பின்னால் பிரிந்துகொண்டே வரும், கீழ்த்துணியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவசரப்படாமல்... அது அவன் கைக்கு மட்டும் தெரிந்த கணக்கு. வேறு யார் வந்தாலும் மூடாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு, ஏன் இருக்கக் கூடாது?

ஜிப்பைப் பற்றிய சட்டம் மாஸ்டர் போட்டது. வந்த புதிதில் ஹாரனுக்கு எப்போது பார்த்தாலும் ஏதாவது வேண்டும், துணிக்கு வெளியே குனிந்துகொண்டு, தம்பி தீப்பெட்டி இருக்கா, தம்பி சார்ஜர் இருக்கா, தம்பி தூங்கிட்டியா, தூங்கிட்டா சொல்லு நான் தொந்தரவு பண்ணல. ஹாரன் என்று பெயர் வந்ததே அந்தத் தொண்டைக்காகத்தான், அவர் காதோரம் ரகசியம் சொன்னால் லிஃப்டில் கீழே போகிறவனுக்குக் கேட்கும். ஒருநாள் சாப்பிடும்போது மாஸ்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இங்க பாருங்க. ஜிப் தொறந்திருந்தா அவன் வீட்ல இருக்கான். மூடியிருந்தா ஆள் இல்ல. வெளிய போயிருக்கான். யாரு கேட்டாலும் அதான் பதில், கடவுளே வந்து கேட்டாலும் அதான்." கடவுள் வரவில்லை, வீட்டுச் சொந்தக்காரரின் ஆள் வந்தான், லிஃப்ட் மெக்கானிக் எங்கே என்று கேட்டான், மாஸ்டர் கூடாரத்தை ஒட்டி நின்றுகொண்டு, அவர் வெளிய போயிருக்காரே என்றார், அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்த அவனுக்குத் தும்மல் வந்தது, அடக்கினால் மூளை வெடித்துவிடும் போல ஒரு தும்மல், கூடாரமே ஒரு தரம் குலுங்கியது. வந்தவன் கூடாரத்தைப் பார்த்தான். மாஸ்டர் அசரவில்லை. "பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜலதோஷம்" என்றார். அன்றிலிருந்து சட்டம் சட்டம்தான். அவன் உள்ளே உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருப்பான், மாஸ்டரும் ஹாரனும் ஹாலில் நின்று அவனைப் பற்றியே பேசுவார்கள், இந்தப் பய பாத்ரூம் பக்கெட்டைக் கவுத்து வைக்கவே மாட்டேங்கறான், வரட்டும் சொல்லலாம். அவன் அரை மணி கழித்து ஜிப்பைத் திறந்துகொண்டு வீட்டுக்கு வருவான். அப்போது சொல்வார்கள். அவனும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வான்.

அதனால் இந்த வீட்டில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மாஸ்டர் தங்கச்சியோடு பேச்சுவார்த்தையை நிறுத்தினது, பிறகு தானாகவே போன் போட்டு அழுதது, ஹாரனுக்கு மகன் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டது, படுக்கையறைச் சுவரைத் தாண்டி வராத எல்லாமும் ஹாலுக்கு வந்து பேசப்பட்டது, ஏனென்றால் ஹாலில்தான் சிக்னல், ஏனென்றால் ஹாலில் ஆள் இல்லை. கேட்டதை ஒருநாளும் வெளியே விட்டதில்லை. அதில் அவன் கில்லாடி. தொழிலும் அப்படித்தானே, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசிப் பேசி, ஆளைப் பார்க்காமலே ஆளைத் தெரிந்துகொள்கிற காது வந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவன் முதலில் கதவை நெம்பப் பார்ப்பான், அதுதான் தப்பு, உள்ளே இருப்பவர் பதறிப்போய் இடுக்கில் கையை விடுவார். முதலில் குரல், அப்புறம்தான் கதவு. பயப்படாதீங்க, காத்து வரும், நான் இங்கேயேதான் இருக்கேன், உங்களுக்கு எத்தனை பசங்க, என்ன படிக்கிறாங்க... கத்துகிறவர்களை விட்டுவிடலாம், அவர்கள் நன்றாக இருக்கிறார்கள். பேச்சை நிறுத்திவிட்டவர்களைத்தான் முதலில் வெளியே எடுக்க வேண்டும்.

இவர்களுக்கு அவனைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஊரில் இருக்கிற அவன் மகள் பாப்பாவுக்கு நாலரை வயதாகியும் வாய் திறக்கவில்லை என்பது அவனுக்கும் அவன் மனைவிக்கும் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மாமியாரிடம்கூட, அப்பா மாதிரி, கம்முனு இருக்கு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஜிப்பை மூடிவிட்டு, போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு, போனை மூக்கருகே வைத்து, உதட்டைக் காட்டி, ப... பா... பாப்பா... அப்பா உதட்டைப் பாரு, ஒட்டு, இப்ப விடு... குரலே வராமல் காற்றாக மட்டும். பாப்பா பார்த்துக்கொண்டே இருக்கும், சில நாள் உதட்டை ஒட்டும், விடாது. அந்த ஏழு மணிக்குத்தான் மாஸ்டருக்கு மிக்ஸி போடத் தோன்றும், அதெப்படி அத்தனை சரியாக, ஹோட்டலில் இடைவேளை விட்டு வந்த மனுஷன் கொஞ்சம் காலை நீட்டக் கூடாதா, வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் போய்த் திருகிவிடுவார், ஹாரன் அங்கே படுக்கையறையில் பாட்டை உச்சத்தில் வைப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை சாயங்காலம். அப்படி என்னதான் அரைக்கிறாரோ, தட்டில் ஒன்றையும் காணோம்... ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பான், அப்புறம், வீட்டில் இல்லாதவனுக்கு மிக்ஸிச் சத்தம் எப்படிக் கேட்டது என்று அவர் திருப்பிக் கேட்டால்?

சாவி. வாசல் பூட்டில் சாவி சுற்றியது, ஒரு தரம் தவறியது, இரண்டாம் தரமும் தவறியது, மூன்றாவதில் திறந்தது. ஹாரன். செருப்பை இழுக்கிற இழுப்பே சொல்லிவிடும், ஆனால் இந்த நேரத்தில் ஹாரனுக்கு இங்கே என்ன வேலை, காலை ட்ரிப் முடிந்தால் பள்ளிக்கூட வாசலிலேயே வேனில் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டு, மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற ஆள். வந்தவர் நேராக ஹாலுக்கு வந்து நின்றார். ஜன்னல் அந்தப் பக்கம் இருந்ததால் அவர் நிழல் துணிமேல் முழுசாக விழுந்தது, தொப்பையும் தோளுமாக. அவன் மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டான். பேச்சு இல்லை, போனும் இல்லை. அப்புறம், மெதுவாக, ஹாரனுக்கு அவ்வளவு மெதுவாக வரும் என்றே அவனுக்குத் தெரியாது, ஈ... எச், என்... டி, எஃப், பி... எக்ஸ், ஸெட், எல், யு... வண்டி நம்பரா? யாராவது இடித்துவிட்டுப் போய்விட்டார்களா, நம்பரை மறந்துவிடாமல் சொல்லிப் பார்க்கிறாரா? இவ்வளவு நீள நம்பர் எந்த வண்டிக்கு இருக்கிறது... மறுபடி முதலிலிருந்து. ஈ. எச், என். நிழலின் ஒரு கை மேலே போய் முகத்தில் ஒட்டியது. "இப்ப லெஃப்ட்ட மூடியாச்சு" என்றது நிழல், தனக்குத்தானே, "மேல இருந்து சொல்லுங்கறாங்க, சொல்றேன் டாக்டர், ஈ... எச், என்..."

அடப்பாவி அண்ணே.

அவனுக்கு உடம்பு முழுக்கப் புரிந்தது, தலைக்கு வருவதற்கு முன்னாலேயே. நாளைக்கு டிரைவர்களுக்கெல்லாம் கண் டெஸ்ட், ஹாரனே போன வாரம் சாப்பிடும்போது சொல்லியிருந்தார், வருஷா வருஷம் இதே கூத்து, எழுத்து போர்டைக்கூட மாத்த மாட்டாங்க, என்று சிரித்துக்கொண்டு. போர்டை மாற்ற மாட்டார்கள். போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். மனப்பாடம். வலது கண்... எப்போதிலிருந்து? தண்ணீர் டம்ளரைப் போன மாசம் மேஜைக்கு வெளியே வைத்தாரே, தூக்கக் கலக்கம் என்றாரே. சாவி மூன்று தரம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பார்த்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் என்று படுத்திருந்தானே, காது இருந்து என்ன பிரயோஜனம்? மறுபடி மேலிருந்து. மறுபடி. சரி, அவர் கண், அவர் பிழைப்பு, ஜிப் மூடியிருக்கிறது, ஆள் இல்லை. மாஸ்டர் தங்கச்சிக்காக அழுதபோது ஆள் இருந்தானா? இல்லை. மகன் கல்யாணத்தன்று ஹாரன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றபோது இருந்தானா? இல்லை, அதுதானே இந்த வீட்டின் அழகு, அதனால்தானே ஆறு வருஷம் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழித்துக்கொண்டு நிம்மதியாக... ஆனால் அந்த வேனில் எத்தனை பிள்ளைகள். முதுகை விடப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கி, வேனுக்கு முன்னால் ஓடும். பாப்பா உயரத்துக்குத்தான் இருக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே இருந்து சத்தம் போடத் தெரியாத ஒன்று ஓடினால்?

அவன் ஷூ. சட்டென்று நினைவு வந்தது. கூடாரத்து வாசல் மடிப்புக்குக் கீழே வழக்கம்போல விட்டிருக்கிறான், மூக்கு வெளியே தெரியும். அப்படியானால் ஹாரன் பார்த்திருப்பார். பார்த்துவிட்டும் சொல்கிறாரா? இல்லை, பார்க்கவில்லையா, அந்தக் கண்ணுக்கு ஷூ தெரியவில்லையா? இரண்டில் எது நல்லது? "எல், யு, எக்ஸ்..." என்றார் ஹாரன்.

முதலில் குரல்.

"அண்ணே," என்றான் துணியைப் பார்த்துக்கொண்டே, "நாலாவது வரிய மாத்திச் சொல்றீங்க. எக்ஸ்தான் முதல்ல."

நிழல் அப்படியே நின்றது. முகத்திலிருந்த கை இறங்கவில்லை.

"நீ வீட்ல இல்லையே" என்றார் ஹாரன்.

"இல்ல. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

சிரிப்பு வரும் என்று பார்த்தான், மூக்கிலிருந்து ஒரு காற்று மட்டும் வந்தது. அது போதும், காற்று வருகிறது. இடது கையால் கீழ்த்துணியைப் பிடித்து ஜிப்பை நிதானமாகத் திறந்து தலையை நீட்டினான். ஹாரன் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றி விட்ட பையனைப் போல நின்றிருந்தார். எவ்வளவு நாளா அண்ணே என்று கேட்டான். கண்ல திரைதான் தம்பி, ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா சரியாப் போயிடும்னுதான் சொல்றாங்க, வலதுல நல்லா மூடிடுச்சு, இடதுல இப்பதான் ஆரம்பம் என்றார். "எடுத்துடலாமே?" "எடுத்துட்டு? அதுக்குள்ள வேன்ல வேற ஒருத்தன் உக்காந்துடுவான். ஒருத்தன் உக்காந்த சீட்ட மறுபடி நமக்குத் தருவாங்களா? நாளைக்கு ஒருநாள் தாண்டிட்டாப் போதும், அடுத்த லீவுல நைசாப் போய் எடுத்துட்டு வந்துடுவேன்." பிறகு கிட்டே வந்து குந்தினார், முட்டி இரண்டும் சொடக்குப் போட்டது, குரலில் பழைய ஹாரன் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "நீயே வந்துட்ட, நல்லதாப் போச்சு. எனக்குத் தனியா மண்டைல ஏற மாட்டேங்குது. நீ உன் பொண்ணுக்கு ஒவ்வொரு எழுத்தா, உதட்டக் காட்டி, பொறுமையா சொல்லித் தருவியே, அந்த மாதிரி எனக்கும் ஒரு மணி நேரம்..."

என்ன?

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் ஹாரன், உடனே, மிக உடனே, போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு. "கூடார மாளிகைக்காரருக்கு டீ போடட்டுமா?"

இல்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், என்னவோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறார், எல்லா அப்பனும்தான் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தருகிறான். இப்போது கதவு. நெம்பக் கூடாது. "அண்ணே, லெஃப்ட்ட மூடிக்கிட்டு இந்தக் கூடாரத்தப் பாருங்க. என்ன தெரியுது?" ஹாரன் மூடிக்கொண்டு பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். "ஹாலுக்குள்ள ஒரு மேகம் வந்து உக்காந்திருக்கு" என்றார். "அதுல ஒரு தல." "தலைக்கு மூக்கு இருக்கா?" "இருக்குன்னு நம்பிக்கைதான்." இந்த முறை இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரித்து முடிந்தபோது ஹாரன் கையை எடுக்காமலே, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னார், நேத்து ஒரு சின்னது இறங்கிப் போச்சு, நான் கியரப் போட்டுட்டேன், முன்னாடி வலது பக்கம் என்னமோ இருந்தது, குப்பைத் தொட்டின்னு நெனச்சேன் தம்பி, தினம் அங்க ஒரு குப்பைத் தொட்டி இருக்கும், அது குனிஞ்சு செருப்ப மாட்டிக்கிட்டு இருந்திருக்கு, ஆயாம்மா கத்துனதுல பிரேக்க மிதிச்சேன்... ஏன் வண்டிய இப்படித் தூக்கித் தூக்கிப் போடறேன்னு என்னத் திட்டுனாங்க, அவ்வளவுதான், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

சொல்லக் கூடாது, இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் தானாகக் கையை நீட்டுகிற வரைக்கும். கயிற்றில் கட்டிய சிவப்புத் துணி ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஹாரன் அதையே பார்த்தார், பார்த்தாரா என்று யாருக்குத் தெரியும்.

"சாயங்காலம் ட்ரிப்புக்கு வேற ஆளப் போடச் சொல்லணும்" என்றார் கடைசியில்.

"ஆமா."

"அப்புறம் வீட்டுக்குச் சொல்லணும். அவகிட்ட."

"நான் பேசட்டுமா ஆபீசுக்கு?"

"நீ யாரு பேச? வாய் எனக்கு இருக்கு." எழுந்தார், போனை எடுத்தார், ஹாலைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னல், ஃபிரிட்ஜ், தண்ணீர் கேன், ஆறு வருஷமாக ஊருக்கே கேட்கப் பேசிய ஹால். "இங்க நின்னுக்கிட்டு வராது தம்பி. மாளிகைய ஒரு அஞ்சு நிமிஷம் குடேன்."

அவன் வெளியே வந்தான். ஹாரன் உள்ளே போனார், போனார் என்று சொன்னால் போதாது, பாதி உடம்பு போனதும் கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, குழாய் முனகியது, ஜன்னல் கயிறு வீணைக் கம்பி போல விறைத்தது, தையல் விட்டுவிடப்போகிறது என்று பார்த்தான், விடவில்லை, அதுதான் சொன்னேனே நூறு மடங்கு உறுதி என்று. ஜிப் வரவில்லை. ஓட்டி முன்னால் போகப் போகப் பல் பின்னால் பிரிந்துகொண்டே வந்தது. "எழவெடுத்த ஜிப்பு" என்றது உள்ளே இருந்து. அவன் குனிந்து வெளியிலிருந்து கீழ்த்துணியைப் பிடித்துக்கொண்டான், இப்ப இழுங்க, மெதுவா, இன்னும் மெதுவா... மூடியது. இரண்டு பேர் சேர்ந்து மூடினால்கூட மூடுகிறது.

ஆக, ஆள் இல்லை. ஹாரன் வெளியே போய்விட்டார். அவன் மட்டும் ஹாலில். கயிற்றை இழுத்துவிடலாம் என்று ஃபிரிட்ஜ் பக்கம் போய் உட்கார்ந்தான், வந்ததற்கு அந்த மூலையையாவது சரிசெய்யலாம், முடிச்சில் விரலை வைத்தான். உள்ளே போன் அடிக்கிற சத்தம் கேட்டது. எதிர்முனையில் எடுத்தது கேட்டது. சூப்பர்வைசர் ஹலோ சொன்னது கேட்டது, அவர் குரல்கூடக் கேட்டது. ஹாரன் எச்சில் விழுங்கியது கேட்டது, கட்டை விரலால் துணியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது கேட்டது, சார் ஒரு விஷயம் என்று ஆரம்பித்து நின்றது, மறுபடி ஆரம்பித்தது, ஹாரன் என்று பெயர் வைத்த ஆளுக்கு அந்தக் குரல், சின்னக் குரல், போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி... எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலக் கேட்டது. அவன் முடிச்சை விட்டுவிட்டு எழுந்து வாசல் பக்கம் போனான். கேட்டது. சமையலறைக்குள் போய் நின்றான். கேட்டது. துணிதானே, என்றது மனசு, பல்லி கனம்கூட இல்லாத துணி, அதை எப்படி ஆறு வருஷமாகச் சுவர் என்று... உள்ளேயிருந்து வெளியே இருப்பதெல்லாம் எனக்குக் கேட்கிறது என்று கர்வப்பட்டானே, ஒருநாளாவது, ஒரே ஒருநாளாவது, வெளியேயிருந்து உள்ளே என்ன கேட்கும் என்று யோசித்தானா? ப... பா... உதட்டைப் பாரு. அப்பா உதட்டைப் பாரு. பேச்சுப் பயிற்சி அம்மா, இனிமேலும் வரலைன்னா என்று சொன்ன அன்றைக்குப் போன் வைத்துவிட்டு அவன் வாயில் போர்வையைத் திணித்துக்கொண்டானே, அன்று இந்த இரண்டு பேரும் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான் இருந்தார்கள். அன்று இரவு மாஸ்டர் அவன் தட்டில் இரண்டாம் தரம் கேட்காமலே போட்டார், ஹாரன் தீப்பெட்டி கேட்கவில்லை. வீட்டில் இல்லாதவன் அவன் மட்டும்தானா?

உள்ளே சூப்பர்வைசர் பேச்சு முடிந்தது. என்ன சொன்னார், சீட்டு திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா, அது கேட்காதபடி அவன் காதைத் திருப்பிக்கொண்டான், காதைத் திருப்ப முடியுமா என்ன, சரி சார், பரவால்ல சார், நாளைக்கு வந்து சாவியத் தர்றேன் சார் என்றதுவரை கேட்டது. பிறகு இன்னொரு எண்ணை அழுத்துகிற சத்தம், நீளமாக அடித்து, எடுத்ததும், "நான்தான்டி... ஒண்ணுமில்ல, சும்மாதான்..." என்று வந்து, அதற்குமேல் வார்த்தையாக வராமல் வேறென்னவோவாக வரத் தொடங்கியது.

சமையல் மேடையில் மிக்ஸி இருந்தது. ஜாரை எடுத்துப் பார்த்தான், கழுவிக் கவிழ்த்து வைத்தது, உலர்ந்திருந்தது, அடியில் ஒரு கறைகூட இல்லை. தினம் ஏழு மணிக்குத் திருகுகிற மிக்ஸி. அப்படி என்னதான் அரைத்தார் மாஸ்டர், சத்தத்தைத் தவிர... இன்றைக்கும் ஏழு மணி வரும், பாப்பா போனுக்கு முன்னால் வந்து உட்காரும், போர்வையை இழுத்துக்கொண்டு காற்றாக மட்டும் பேசுவதா, இல்லை ஜிப்பைத் திறந்து வைத்துவிட்டு எழுத்தை வாய் நிறையச் சத்தமாகவே சொல்வதா, இவர்களில் யாராவது திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது, யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால்தான் என்ன செய்வது... காலி ஜாரை மேலே வைத்து, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழு வேகத்துக்கும் திருகினான்.